முற்றிய குடல் புற்றுநோய்: கணவனை, மனைவியை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு முழுமையான வழிகாட்டி

கீமோ மருந்து ஏறுவது பெரும்பாலும் மதுரையில், இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மிச்ச நாட்களெல்லாம் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில், மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ உங்கள் வீட்டில்தான் கழிகின்றன. புதிதாக வருகிற குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குக் காட்டுகிற அக்கறையை இந்த இடைநாட்களுக்குக் காட்டுவதில்லை. அவர்கள் தடுமாறுவதும் அந்த நாட்களில்தான்.

என் கணவருக்குப் பெருங்குடலில் தொடங்கிய நோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு சிகிச்சை ஆரம்பித்தது. கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிவந்ததையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். கூட இருப்பவர் செய்ய வேண்டியது மட்டுமே இதில் இருக்கிறது.

1. முதல் மருந்து ஏறும் முன் கேட்க வேண்டியவை

"குணமாகிவிடுமா, டாக்டர்?" என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, இந்தச் சிகிச்சை நோயை அடியோடு அகற்றவா அல்லது கட்டுப்படுத்தி வைக்கவா என்று கேளுங்கள். பதில் கட்டுப்படுத்த என்றால், இது ஆறு மாதத்தில் முடிகிற வேலை அல்ல என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பணம், பயணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் திட்டமிடலாம்.

கல்லீரலில் மட்டும் பரவியிருந்தால், கீமோவில் கட்டி சுருங்கிய பிறகு சிலருக்கு அறுவை செய்ய முடியும். கல்லீரல் அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பயாப்சிக்கு எடுத்த சதைத் துண்டில் கே.ராஸ், என்.ராஸ், பி.ராஃப், எம்.எஸ்.ஐ. என்ற மரபணுச் சோதனைகள் செய்யப்பட்டனவா என்பதும் முக்கியம். ராஸ் மரபணு மாறியிருந்தால் செடுக்சிமாப் போன்ற மருந்து வேலை செய்யாது. எம்.எஸ்.ஐ. அதிகம் என்று வந்தால் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை என்ற வேறு வழி திறக்கும். இது தெரியாமல் விலையுயர்ந்த மருந்துக்கு நகையை அடகு வைப்பதில் பொருள் இல்லை.

நோயாளியிடம் நோயை மறைக்கலாமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். "வயிற்றில் புண், ஊசி போட்டால் ஆறிவிடும்" என்று மாமியாரும் மச்சானும் சொல்லி வைப்பார்கள். ஒருநாள் வைத்தியம் என்றால் அது செல்லும். மாதக்கணக்கில் புற்றுநோய் வார்டின் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்காரப்போகிறவரிடம் செல்லாது. அவர் தானாகத் தெரிந்துகொள்ளும் நாளில் உங்கள் மேல் வைத்திருக்கிற நம்பிக்கையும் போகும். பிறகு உடம்பில் எது வந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார். அப்படிச் சொல்லாமல் விட்ட காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும்.

2. காகிதங்களை முதலில் முடியுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

அடிக்கடி பார்க்கிற சிக்கல் ஒன்று உண்டு. கல்யாணமாகி வெகுநாளாகியும் மனைவியின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும். அல்லது ஆதாரில் ஒரு எழுத்து, கார்டில் வேறொரு எழுத்து. சிகிச்சை தொடங்கும் நாளில் இது தெரிந்தால் ஊருக்கும் மதுரைக்கும் அலைந்தே ஓய்ந்துவிடுவீர்கள். எனவே பயாப்சி முடிவு வருவதற்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதைச் சரிசெய்யுங்கள். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லாத எண் 1800 425 3993.

பிறகு ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம்: தேதி, எடை, மருந்தின் பெயர், ரத்த அணு எண்ணிக்கை, எந்த நாளில் என்ன தொந்தரவு. வார்டில் மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் சில நிமிடங்கள்தான். "போன தடவை கொஞ்சம் வயிற்றால் போச்சு" என்பதற்கும் "நான்காம் நாள் ஏழு தடவை, ஐந்தாம் நாள் ஐந்து தடவை" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது பதிலைக் கேட்டுத்தான் மருந்தின் அளவை மாற்றுவார்கள். கடைசியாகக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை அந்த நோட்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் பக்கம் மாட்டி வையுங்கள். பீரோவுக்குள் வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி கிடைக்காது.

3. வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். மருத்துவர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையும் வயிற்றுப்போக்கு மாத்திரையும், முதல் நாளே வாங்கியவை. ரப்பர் கையுறை. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கரையில் பல ஊர்களில் கிணறும் அடிகுழாயும் உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்பின் அளவு கணக்காகச் சேர்த்திருக்கிறது. அதை உப்புத் தண்ணீரில் கரைத்தால் கணக்குக் கெட்டுவிடும், தாகமும் போக்கும் கூடும். காவிரிக் குடிநீரையோ விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீரையோ கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு லிட்டரை அளந்து கரையுங்கள். கண்ணளவு வேண்டாம்.

மருந்து ஏறிய பிறகு இரண்டு நாட்களுக்கு வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்தின் மிச்சம் வெளியேறும். சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள், துணிகளைத் தனியாக அலசுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது. கேபசைட்டபின் என்ற கீமோ மாத்திரையைக் கர்ப்பிணி கையால் தொடவும் கூடாது.

4. மதுரைக்குப் போய்வருவது

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவு வரை வருகிறது. பஸ்ஸைவிட ரயில் நல்லது என்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கழிப்பறை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு. படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில் நிலைய கவுண்டரில் கொடுத்தால்தான் டிக்கெட் தருவார்கள். செல்போனில் எடுக்கும் டிக்கெட்டில் இது வராது.

ஃபோல்ஃபாக்ஸ் என்ற மருந்துமுறையில் ஒரு மருந்து 46 மணி நேரம் மெதுவாக ஏறும். சில இடங்களில் படுக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். சில இடங்களில் சிறிய பம்பை மாட்டி அனுப்பி, முடிந்ததும் கழற்ற வரச் சொல்வார்கள். எது என்று முன்பே கேட்டால்தான் இரண்டு ராத்திரி தங்க இடம் பார்க்க முடியும். கேப்பாக்ஸ் என்ற முறை என்றால் ஒருநாள் ஊசி, பிறகு பதினான்கு நாள் வீட்டில் கேபசைட்டபின் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. தூரத்து ஊர்க்காரர்களுக்கு இது தோதாக இருக்கும். மாற்ற முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கடலைப் பார்த்துத் தேதி போட வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், தீவில் இருப்பவர்கள் முந்தைய நாளே அக்கரைக்கு வந்துவிடுவது நல்லது. காற்று மிஞ்சினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

5. முதல் ஐந்து நாள்: குளிர்

ஃபோல்ஃபாக்ஸிலும் கேப்பாக்ஸிலும் இருக்கிற ஆக்சாலிப்ளாட்டின் என்ற மருந்து ஏறியவருக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சடைப்பது போல இருக்கும். உண்மையில் மூச்சு அடைபடுவதில்லை. வெதுவெதுப்பான நீரைக் கொடுத்து உட்கார வைத்தால் அடங்கும். இது முன்பே தெரியாவிட்டால் இருவரும் வெலவெலத்துப் போவீர்கள்.

மருந்து முடிந்து வெளியே வந்ததும், "மதுரைக்கு வந்து ஜிகர்தண்டா குடிக்காமலா?" என்று அன்போடு வாங்கிக் கொடுக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். பிரிட்ஜைத் திறக்கும் வேலை உங்களுடையது. மார்கழி விடியலில் எவர்சில்வர் செம்பைக் கையில் கொடுக்காதீர்கள். பைக்கில் பாம்பன் பாலத்தைக் கடக்க நேர்ந்தால் மூக்கையும் வாயையும் துண்டால் சுற்றிவிடுங்கள். கடல் தொழில் செய்பவர் என்றால் ஐஸ் பெட்டியில் கை வைக்கவே கூடாது. கூடையைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று கரைக்குப் போகிறவரைத் தடுக்க வாக்குவாதம் உதவாது. கூட்டாளியிடம் முன்பே சொல்லி வைத்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

குளிர்த் தொந்தரவு சில நாளில் போய்விடும். ஆனால் சுற்றுகள் கூடக் கூட விரல்களிலும் உள்ளங்காலிலும் மதமதப்பு தங்க ஆரம்பிக்கும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கைலி முடிச்சு நிற்கவில்லை என்றால் நோட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். சில மாதங்களுக்குப் பிறகு ஆக்சாலிப்ளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வது வழக்கமான முறைதான். மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை.

கால் மரத்தவர் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கிளிஞ்சலும் கருவேல முள்ளும் ஏறினால் அவருக்குத் தெரியாது. தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

6. ஏழாம் நாளிலிருந்து: காய்ச்சல்

வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் குறையும். பார்ப்பதற்கு அவர் தெளிந்து, சாப்பிட்டு, டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கிருமியை எதிர்க்க உடம்பில் படையில்லை.

தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், அல்லது உடம்பு நடுங்கிக் குளிரெடுத்தால், எந்த மணியானாலும் கிளம்ப வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்பதே ஆபத்து. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுக்க வைப்பது அதைவிட மோசம்: சூடு தணிந்து நோய் மறைந்திருக்கும், உள்ளே தொற்று பரவும். முதலில் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள், பிறகு போன் செய்யுங்கள்.

இந்த நிலையில் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் ரத்தப் பரிசோதனையும் நரம்பில் ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்கும் மருத்துவமனை எது என்று முதல் சுற்றுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலோருக்கு அது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கும். அவசரப் பிரிவில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "கீமோ நடக்கிறது, இன்றைக்கு இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு." வெறுமனே "காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய நிலை இது. வாசலில் மாட்டிய பிளாஸ்டிக் உறையை நீட்டுங்கள்.

ராத்திரியில் யாருடைய ஆட்டோ அல்லது கார் வரும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் கடலுக்குப் போயிருக்கலாம். 108 எண் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நாட்களில் கூட்டத்தைக் குறையுங்கள். பார்க்க வருகிறவர்கள் திண்ணையோடு நிற்கட்டும். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, இருபத்திரண்டு தீர்த்தம், ஏர்வாடி சந்தனக்கூடு நெரிசல் எல்லாம் வெள்ளை அணு ஏறிய பிறகு, மருத்துவரைக் கேட்டு. வேண்டுதலை அவருக்குப் பதிலாக நீங்கள் போய்ச் செலுத்தலாம்.

7. வயிறும் மலப்பையும்

இரினோடீகான் என்ற இன்னொரு கீமோ மருந்து ஏறுகிறவருக்கு வயிற்றுப்போக்கு கடுமையாக வரலாம். வயிற்றுப்போக்கு மாத்திரையை எப்போது தொடங்கி எப்படித் தொடர்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போக்கு நிற்காமல், சிறுநீர் குறைந்து, தலை சுற்றினால் மருத்துவமனைதான். நேர்மாறாக வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். பேதி மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலை கூடவே கூடாது.

குடலை வயிற்றின் மேல் திறந்து, மலம் சேர வெளியே ஒட்டுகிற மலப்பை வைத்திருப்பவருக்கு: பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறையவிட்டால் கனத்தில் ஒட்டு பெயரும். வயிற்றில் வைத்த குடல் வாய் சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தால் உடனே காட்டுங்கள். பையைத் தோலில் ஒட்டும் தட்டில் துளை வெட்டும்போது குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தட்டு ஒட்டாது. சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் வியர்வையால் ஒட்டு சீக்கிரம் விடும். அந்த மாதங்களுக்குப் பை கூடுதலாக வாங்கி வையுங்கள். கைலி முடிச்சு பையின் மேல் விழாமல் சற்று மேலேற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

மாற்றும் வேலையை முதல் சில வாரம் நீங்கள் செய்யலாம். பிறகு கண்ணாடி முன் நிற்க வைத்து அவரையே செய்ய விடுங்கள். உதவி வேண்டுமென்று அவரே கேட்கும்போது கை கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் நாமே செய்தால் கணவன் மனைவி என்பது போய்த் தாதியும் நோயாளியும் என்றாகிவிடுகிறது. தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. பை இருப்பது அதற்குத் தடையில்லை. பையைக் காலி செய்து துணியால் மூடிக்கொள்ளலாம். மருந்து ஏறிய பிறகு எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், கருத்தடை எப்படி என்பதை மட்டும் நர்ஸிடம் கேளுங்கள்.

8. சாப்பாடு

பத்தியம் வேண்டாம். எடை குறைந்தால் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டிவரும். புது மீன் நல்லது, நன்றாக வெந்திருக்க வேண்டும். மிளகாய் குறைத்த சுறாப் புட்டும் குழைந்த சோறும் வாய்ப்புண் உள்ளவருக்குத் தோதாக இறங்கும். மூன்று வேளை என்பதை விட்டு, சிறுகச் சிறுக ஆறு வேளை. கேபசைட்டபின் மாத்திரையைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகத் தராதீர்கள். நாட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கல்லீரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது.

9. ஸ்கேன் வாரம்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேனும், இடையிடையே நோயின் போக்கைக் காட்டும் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கும். சி.இ.ஏ. ஒருமுறை ஏறியதைப் பார்த்து வீடே இழவு வீடாகிவிடும். கீமோ தொடங்கிய புதிதில் அது சற்று ஏறி இறங்குவதுண்டு, புகை பிடிப்பவருக்கும் கூடும். ஒற்றை எண்ணைவிட, வரிசையாக வந்த எண்களையும் ஸ்கேனையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஸ்கேன் முடிவை வாட்ஸ்அப்பில் உறவினருக்கெல்லாம் அனுப்பி விளக்கம் கேட்காதீர்கள். ஆளுக்கொரு பொருள் வரும்.

அவருடைய உடன்பிறந்தோரும் உங்கள் பிள்ளைகளும் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா, எந்த வயதில் என்பதையும் இந்தச் சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

10. வருமானம், உங்கள் தூக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகை நம்பிய வீட்டில் அந்தக் காலத்துக்கான பயணச் செலவை மாசியிலேயே ஒதுக்க வேண்டும். விலையுயர்ந்த மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகத்தில் அதே மூலக்கூறு இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், மருத்துவரிடம் காட்டி வாங்கலாம். உதவுகிறேன் என்று வருகிற உறவினருக்குக் குறிப்பிட்ட வேலை கொடுங்கள்: ஒருவருக்குக் குடத்துத் தண்ணீர், ஒருவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஒருவருக்கு மதுரையில் ஓர் இரவு. அந்த ஓர் இரவு நீங்கள் உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கு.

11. வலி

வலித் தணிப்பு மருத்துவரைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளுவதுதான் பரவலான தவறு. கீமோ நடக்கும்போதே அவரைப் பார்க்கலாம். வலி குறைந்தவர் சாப்பிடுவார், தூங்குவார், மருந்தைத் தாங்குவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

மார்ஃபின் எழுதினால் அஞ்ச வேண்டாம். வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு கொடுக்காமல் மணி பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். இது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் தருவார்கள். ஆகவே ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்புங்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் விடுமுறை வருகிற வாரம் என்றால் இன்னும் முன்னதாகவே.